நோயல் பெர்னார்



வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு செடி இருக்கிறது. அதற்குத் தொட்டி இல்லை, மண்ணும் இல்லை. ஒரு மாமரப் பட்டைத் துண்டைத் தடித்த வெள்ளை வேர்களால் பற்றிக்கொண்டு கம்பியில் தொங்குகிறது. வாந்தா என்னும் ஆர்க்கிட் இனம் அது. சேலத்துக்கு அருகே எங்கள் சித்தி வீட்டு மாமரத்தில் ஒட்டி வளர்ந்தது; அங்கிருந்து என் அம்மா கொண்டுவந்தார்.

அம்மா கொண்டுவந்தது இரண்டாம் முறை. முதன்முறை கொண்டுவந்த செடியின் வேர்களைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினார். பட்டைத் தூளும் பாசியும் புழுதியும் நகரத்து வீட்டுக்கு எதற்கு என்று எண்ணினார். கழுவிய வேரைப் புதிய தேங்காய் நாரில் வைத்துக் கட்டினார். மூன்று மாதத்தில் செடி வாடி இலையுதிர்ந்து போயிற்று. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி கேட்டுச் சிரித்தார். வேரைத் தொடாமல் பட்டையோடு பெயர்த்துக்கொண்டு போகும்படி சொன்னார். அம்மா அப்படியே செய்தார். அந்தச் செடிதான் இன்று மாடத்தில் தொங்குகிறது.

ஒரு செடி செத்ததும் மற்றொன்று பிழைத்ததும் அறிவியலுக்குச் சான்று ஆகா. கழுவும்போது வேர் முறிந்திருக்கலாம். அந்த ஆண்டு வெயில் மிகுந்திருக்கலாம். அறிவியல் மாணவன் அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. எனினும் என் சித்தி கேட்டுச் சிரித்த அதே செய்தியை, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாட்டு இளைஞர் ஒருவர் தம் வாழ்வையே செலவிட்டு ஆராய்ந்தார். அவர் பெயர் நோயல் பெர்னார். ஆர்க்கிட் ஆராய்வோர் அனைவரும் அறிந்த பெயர். நம் பக்கத்து மாணவர்கள் அதிகம் கேட்டிராத பெயர். அவருடைய கதையைத்தான் இம்மலரில் சொல்லப் புகுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு சொல். என் தந்தையார் கட்டட வேலைக்காகச் சேலத்திலிருந்து வைட்ஃபீல்டுக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. 1882இல் மைசூர் மன்னர் தந்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் குடியிருப்பாகத் தொடங்கிய சிற்றூர் இது. இன்று எங்கள் தெருமுனையில் நின்றால் கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள்தாம் தெரிகின்றன. அவற்றுள் இரண்டின் சுவர்களை எழுப்பியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். அந்தக் கட்டடம் ஒன்றினுள் தம் பிள்ளை வேலைக்குச் செல்லவேண்டும் என்று அவர் விரும்புவதில் தவறு என்ன? ஆனால் பிள்ளையோ காட்டு ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்த எண்ணிக்கையும் தோற்றது. ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குழாய்களில் நுண்ணுயிர் அணுகாதபடி விதைத்தேன். எட்டு மாதம் காத்தேன். பல குழாய்களில் என் கைப்பிழையால் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்துவிட்டன; அவற்றைக் கெட்டவை என்று எடுத்து எறிந்தேன். தூய்மையாய் நின்ற நாற்றுகளை வெளியே எடுத்து நட்டேன், ஒவ்வொன்றாய் அழுகின. ஆய்வை விட்டுவிட்டு வேலை தேடலாம் என்று முடிவு செய்து, வீட்டில் சொல்லுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாள்களில்தான் பெர்னாரின் வாழ்வைப் படித்தேன்.

அவர் 1874ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். எளிய குடும்பம். படிப்பில் சிறந்ததால் எக்கோல் நார்மல் சுப்பீரியர் என்னும் புகழ்பெற்ற உயர் கல்விக்கூடத்தில் இடம் பெற்றார். அந்தக் கல்விக்கூடத்தின் பரண் அறையில்தான் ஒரு காலத்தில் லூயி பாஸ்டர் நொதித்தலை ஆராய்ந்தார். பெர்னார் மாணவராய் இருந்த நாளில் பாஸ்டரின் நுண்ணுயிர்க் கொள்கை பிரெஞ்சு அறிவுலகம் முழுவதையும் ஆட்கொண்டிருந்தது. காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை ஜெர்மனியில் ராபர்ட் காக் 1882இலேயே கண்டறிந்திருந்தார். நுண்ணுயிர் என்றால் நோய், நோய் என்றால் பகை என்பதே அக்காலத்தார் மனத்தில் பதிந்த பாடம்.

செடிநூல் கற்ற பெர்னாரை வேறொரு புதிர் வந்து பற்றியது. ஆர்க்கிட்டின் விதை எவ்வாறு முளைக்கிறது?

இஃது ஒரு கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். விதைத்தால் முளைக்கத்தானே வேண்டும்! ஆனால் ஆர்க்கிட் விதை மற்ற விதைகளைப் போன்றதன்று. நெல்லின் உள்ளே அரிசி இருக்கிறது. முளை தன் காலில் நிற்கும் வரை அதற்கு அது கட்டுச்சோறு. ஆர்க்கிட் விதைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதில்லை. தூசியினும் நுண்ணிய விதை அது. ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். காற்று எங்கு வீசுகிறதோ அங்குப் போய் விழும். விழுந்தவற்றில் மிக மிகச் சிலவே செடியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்திருந்தது. தென்னமெரிக்காவிலும் ஆசியாவிலும் ஆர்க்கிட் பறிப்பதற்காக மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். பறித்ததைக் கண்ணாடி வீடுகளில் வைத்துப் பூக்கச் செய்தார்கள். ஆயின் விதை தூவினால் முளைக்கவில்லை. பட்டறிவு மிக்க தோட்டக்காரர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். தாய்ச்செடியின் தொட்டியிலேயே, அதன் வேரடியிலே விதையைத் தூவினால் சில வேளை முளைத்தது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆர்க்கிட் வேரின் உள்ளே பூஞ்சை இழைகள் சுருண்டு கிடப்பதைச் செடிநூலார் பல ஆண்டுகளாகவே நுண்நோக்கியில் கண்டிருந்தனர். 1885இல் ஜெர்மனியின் ஆல்பர்ட் ஃபிராங்க், காட்டு மரங்களின் வேரோடு பூஞ்சை கூடி வாழ்வதைக் கண்டு அதற்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். 1888இல் ஒல்லாந்து நாட்டு பெய்ஜரிங்க், பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வேருக்கும் நுண்ணுயிருக்கும் உறவு உண்டு என்பது இவ்வாறு மெல்ல மெல்லத் தெரியவந்தது. எனினும் விதை முளைப்பதற்கும் பூஞ்சைக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கண்டு சொல்லவில்லை.

1899ஆம் ஆண்டு. பிரெஞ்சு நாட்டு இளைஞர்கள் பட்டாளத்தில் பணி செய்தாகவேண்டும் என்ற சட்டப்படி பெர்னார், பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள மெலன் நகரில் போர்வீரராய் இருந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, நூலகம் இல்லை. அருகில் ஃபோந்தேன்புளோ என்னும் பெருங்காடு இருந்தது. ஓய்வு கிடைத்தபோது அவர் அங்கே நடந்தார். மே மாதம் 3ஆம் நாள், காட்டுத் தரையில் மக்கிய சருகுக்கு அடியில் ஓர் ஆர்க்கிட்டின் பூந்தண்டைக் கண்டார். நியோட்டியா என்னும் அந்த ஆர்க்கிட்டுக்கு இலை இல்லை, பச்சையமும் இல்லை, நிறம் பழுப்பு, வேர்கள் பறவைக் கூடு போலப் பின்னிக் கிடக்கும். முந்திய ஆண்டு பூத்த தண்டு சாய்ந்து சருகில் புதைந்துவிட்டது. காய் வெடித்து விதை பறக்கவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது.

மற்றவர் அழுகிய தண்டு என்று தாண்டிப் போயிருப்பர். பெர்னார் காயைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே விதைகள் முளைத்திருந்தன! எவரும் எளிதிற் காணாத ஆர்க்கிட் நாற்றுகள் ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டமாய் இருந்தன. நுண்நோக்கியில் பார்த்தபோது அவை அனைத்தினுள்ளும் ஒரே பூஞ்சை புகுந்திருந்தது. அந்தப் பூஞ்சை புகுந்ததால்தான் விதை முளைத்தது என்று அவர் துணிந்தார். பன்னிரண்டே நாள்களில், மே 15இல், பாரிசு அறிவியற் கழகத்தின் பதிவேட்டில் அவருடைய சிறு கட்டுரை வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது 25.

தோழர்களே, இதைப் படித்தபோது நான் சற்று நிறுத்தினேன். என்னைவிட இரண்டே வயது மூத்தவர்; கையில் கருவி இல்லாதவர்; தம் விருப்பத்தினால் அன்றிச் சட்டத்தினால் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டவர். நானோ எல்லாக் கருவிகளும் உள்ள ஆய்வுக்கூடத்தில் அமர்ந்துகொண்டு, அழுகியதைத் திறந்து பாராமல் எறிந்தேன்.

துணிந்தால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டுமே! ஒரு காட்டில் ஒருமுறை கண்ட காட்சி, எங்கள் வீட்டுச் செடியின் கதையைப் போன்றதுதான். அதைச் சோதனையால் நிறுவப் பெர்னாருக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1901இல் முனைவர் பட்டம் பெற்று, நார்மண்டிப் பகுதியின் கான் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கேதான் பாஸ்டர் வழிவந்த நுண்ணுயிர் முறையை விதையிடம் கையாண்டார்.

முறை எளியது, பொறுமைதான் அரியது. வெடிக்காத முற்றிய காயை எடுத்தார். மூடிய காயின் உள்ளே நுண்ணுயிர் இல்லை. ஆகவே விதையைத் தீண்டாமல், தூய்மை கெடாமல் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இட்டார். உணவுக் கூழாக சாலப் மாவைப் பயன்படுத்தினார்; நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்கிறார்களே, அந்த ஆர்க்கிட் கிழங்கின் மாவுதான் அது. நுண்ணுயிர் அற்ற குழாய்களில் விதைகள் சற்றே பருத்தன; பச்சை நிறம் கொண்டன; அவ்வளவுதான். மாதக்கணக்கில் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. ஆர்க்கிட் வேரிலிருந்து பிரித்து வளர்த்த பூஞ்சையை வேறு குழாய்களில் உடன் இட்டார். அந்த விதைகள் நாற்றாகின. 1903இல் இம்முடிவை வெளியிட்டார். தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் வேரடியில் ஏன் விதைத்தார்கள் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த வேரடியில் பூஞ்சை இருந்தது.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் இது நட்பின் பெருமையைச் சொல்லும் கதை ஆகியிருக்கும். பூஞ்சை நண்பன், விதை ஏழை, நண்பன் சோறு கொடுத்தான் என்று நாமும் மேடையில் பேசி மகிழலாம். ஆனால் பெர்னார் அங்கே நிற்கவில்லை. மேலும் மேலும் உற்றுப் பார்த்தார். கண்டது நட்பாகத் தோன்றவில்லை.

வேறு வேறு ஆர்க்கிட்டுகளின் பூஞ்சைகளை வேறு வேறு விதைகளோடு சேர்த்து வைத்தார். மூன்று வகை முடிவு கண்டார். சில குழாய்களில் பூஞ்சை விதையைத் தின்று கொன்றது. சிலவற்றில் விதை தன்னுள் புகுந்த பூஞ்சையைச் செரித்து ஒழித்தது. ஒழித்தபின் தானும் வளராது நின்றது. எஞ்சிய சிலவற்றில்தான் இரண்டும் வாழ்ந்தன. அவற்றிலும் அமைதி இல்லை. பூஞ்சை விதையின் சில அறைகளில் சுருண்டு வளரும். விதை சில அறைகளில் அந்தச் சுருளைச் செரிக்கும். முளை தோன்றும் இடத்துக்கு மட்டும் பூஞ்சையை அணுகவிடாது. நம் குருதியின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதை அந்நாளில் பாரிசில் மெச்னிகாஃப் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதைப் போன்ற செயலே ஆர்க்கிட்டின் அறைகளிலும் நடப்பதாகப் பெர்னார் கூறினார்.

இதிலிருந்து அவர் கண்ட உண்மை வியப்பானது. கூட்டுவாழ்வு என்று நாம் போற்றுவது நோய்க்கு அப்பாற்பட்ட இன்னொன்று அன்று. அது நோயின் எல்லையிலேயே நடக்கிறது. எந்தப் பூஞ்சை கொல்லுமோ அதே பூஞ்சைதான் வாழ்விக்கிறது. அதை உள்ளே விடாத விதை பட்டினியால் நிற்கும். முழுவதும் விட்டுவிடும் விதை அழியும். உள்ளே விட்டு, ஓர் எல்லையில் தடுத்து, ஓரளவு செரித்து, நாள்தோறும் காக்கும் விதையே செடியாகும். 1909இல் வெளியிட்ட பெருநூல் போன்ற கட்டுரையில் இதை விரித்து எழுதினார்.

அவருடைய பெயரைத் தமிழில் எழுதும்போது நோயல் என்று வருகிறது. நோய் அல்லாதது என்று பிரித்துப் படிக்கத் தோன்றுகிறது! நோய் போலத் தோன்றி நோய் அல்லாது நிற்கும் ஒன்றை ஆராய்ந்தவருக்கு, அவர் அறியாத நம் மொழி இப்படி ஒரு பொருள் தருகிறது. தற்செயல்தான், ஆனால் தமிழ் மன்றத்து மலரில் இதைக்கூடச் சொல்லவில்லை என்றால் எப்படி?

அவர் எல்லாவற்றிலும் வென்றவர் அல்லர். அதையும் சொல்லவேண்டும். முனைவர் பட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் செடி கிழங்கு விடுவதும் வேரில் புகும் பூஞ்சையினால்தான் என்று வாதிட்டார். ஒரு துறையில் கண்ட உண்மையை அடுத்த துறைக்கும் நீட்டிவிட்டார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை; பகலின் நீளமும் செடியின் உள்ளே சுரக்கும் பொருள்களுமே கிழங்கை ஆளுகின்றன என்பதைப் பின்வந்தோர் காட்டினர். இன்னொரு பக்கம், தம் கொள்கைக்கு மாறானதுபோல் தோன்றும் செய்தியையும் அவர் மறைக்கவில்லை. உணவுக் கூழை மிகச் செறிவாக்கினால் பூஞ்சை இன்றியே விதை ஓரளவு வளர்வதைத் தாமே கண்டு தாமே எழுதினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1908இல் பெர்னார் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதற்கு முந்திய ஆண்டில் மணம் முடித்திருந்தார்; பிரான்சிஸ் என்னும் மகன் பிறந்தான். ஊருக்கு அருகே மோரோக் என்னும் பண்ணையில் செடிகளை ஆராய ஒரு நிலையம் அமைத்தார். அங்கே ஆர்க்கிட் கிழங்கின் துண்டுகளைப் பூஞ்சை வளரும் கூழில் வைத்துப் பார்த்தார். பூஞ்சை கிழங்கைத் தொடுவதற்கு முன்பே, சிறிது தொலைவில், மேலே செல்ல இயலாமல் நின்றுவிட்டது. கிழங்கிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து அதைத் தடுக்கிறது என்று அறிந்தார். செடிக்கும் நோயெதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. கசிந்த பொருளை ஆர்க்கினால் என்று பெயரிட்டு ஆராய்ந்தது 1950களில்தான். சூரிக் நகரத்து எர்ன்ஸ்ட் கோய்மனும் அவர் கூட்டத்தாரும் அதைச் செய்தனர்.

ஆனால் பெர்னார் இதைப் பற்றி எழுதியது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

ஒரு விதை தன்னுள் புகுந்த உயிரை எவ்வாறு எல்லையில் நிறுத்துகிறது என்று கண்டுகொண்டிருந்த அந்நாள்களில், அவருடைய நுரையீரலில் காசநோய்ப் பாக்டீரியா குடிபுகுந்திருந்தது. அங்கும் அதே போர்தான். உடலின் வெள்ளணு கிருமியை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட கிருமி உள்ளேயே உயிரோடு இருக்கிறது. எல்லை காக்கும் ஆற்றல் உள்ள வரை மனிதன் நடமாடுகிறான். பலருடைய உடலில் அந்த எல்லை வாழ்நாள் முழுவதும் நிற்பதுண்டு. பெர்னாரின் உடலில் நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் மோரோக்கிலேயே இறந்தார். வயது 36. காட்டில் அந்தத் தண்டைக் கண்டு பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. மகன் அப்போது சிறு குழந்தை. பின்னாளில் எறும்புகளை ஆராயும் விலங்கியலார் ஆனார். தந்தை எழுதி வைத்திருந்த உயிரியல் நூல் 1921இல் வெளிவந்தது.

அவர் மறைந்தபின் ஆர்க்கிட் உலகம் இரு வழியாகப் பிரிந்தது. 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்த கூழில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட்டை முளைக்கச் செய்தார். பெர்னார் செறிவான கூழில் கண்டதன் தொடர்ச்சியே இது. இன்று பெங்களூர்ப் பூக்கடைகளில் வாளி நிறைய ஆர்க்கிட் நிற்கிறதென்றால் குடுவையில் நாற்று வளர்க்கும் அந்த வழியே காரணம். நானும் என் குழாய்களில் செய்தது அதுதான்.

மற்றொரு வழி காட்டுக்குச் சென்றது. காட்டில் சர்க்கரைக் கூழை யார் ஊற்றுவார்? அங்கே விதைக்குச் சோறிடுவது இன்றும் பூஞ்சைதான். பெர்னார் கண்ட நியோட்டியாவுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அதன் பூஞ்சை ஒரு புறம் பெருமரத்தின் வேரையும் மறு புறம் ஆர்க்கிட்டையும் பற்றியிருக்கிறது; மரம் வெயிலில் சமைத்த சர்க்கரை மண்ணுக்கடியில் ஆர்க்கிட்டுக்கு வருகிறது. வேறு சில பச்சை ஆர்க்கிட்டுகள் வளர்ந்தபின் பூஞ்சைக்குச் சர்க்கரையைத் திருப்பித் தருவதும் 2006இல் இங்கிலாந்தில் காட்டப்பட்டது.

இந்த இருவர் வாழ்வில் மூன்றாமவரும் உண்டு என்று கண்டதால்தான் என் ஆய்வு பிறந்தது. அந்த மூன்றாமவர் பாக்டீரியா. வேர் தன்னைச் சுற்றிலும் சர்க்கரையையும் அமிலங்களையும் கசியவிடுகிறது. அதை நாடி வரும் நுண்ணுயிர்களால் வேரடி மண் மற்ற மண்ணினும் நெருக்கமான ஊர் ஆகிவிடுகிறது. 1904இல், பெர்னார் கான் நகரில் ஆர்க்கிட் வளர்த்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் லோரன்ஸ் ஹில்ட்னர் அந்த மண்ணுக்கு ரைசோஸ்பியர் என்று பெயரிட்டார். வேர்மண்டலம் என்று நாம் சொல்லலாம். காட்டு ஆர்க்கிட்டின் வேர்மண்டலத்திலும் வேரின் மேலும் பாசில்லஸ், சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, வேரை வளரத் தூண்டும் இண்டோல் அசெட்டிக் அமிலத்தைச் செய்கின்றன என்று மாஸ்கோவில் ஆராய்ந்தோர் காட்டினர். மேற்கு ஆஸ்திரேலியாவின் நில ஆர்க்கிட்டுகளில் சில பாக்டீரியாக்கள் பூஞ்சையோடு சேர்ந்து விதை முளைப்பதற்கு உதவுகின்றன என்று கண்டனர். வேருக்குள் பூஞ்சை புகுவதற்கு வழிகாட்டும் துணைப் பாக்டீரியாக்கள் உண்டு என்று பிரெஞ்சு நாட்டு கார்பாய் 1990களில் காட்டு மரங்களிடம் கண்டு சொன்னார்.

நம் நாட்டில் ஏறத்தாழ 1250 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. எங்கள் சேலத்து ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1963இல் ஏற்படுத்திய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. இவற்றுள் அருகிவரும் இனங்களைக் குடுவையில் இலட்சக்கணக்கில் பெருக்க இன்று நம்மால் முடியும். பெருக்கியதைக் காட்டில் நட்டால் நிற்குமா என்பதே கேள்வி. தூய குடுவையில் வளர்ந்த நாற்றுக்குக் கொல்ல வரும் பூஞ்சையைத் தடுக்கவும் தெரியாது. காக்க வரும் பூஞ்சையை ஏற்கவும் தெரியாது. அதற்கு எந்தப் பூஞ்சை, எந்தப் பாக்டீரியா துணை நிற்கும் என்று இனம் இனமாய்க் கண்டறிய வேண்டியிருக்கிறது. காட்டைக் காக்க விரும்புவோருக்கு இது பொழுதுபோக்கு அன்று.

பெர்னாரின் கதையில் இன்னும் ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. காசநோயை முதன்முதலாய் வென்ற மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அது 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆய்வு மாணவர், வயது 23. எதிலிருந்து தெரியுமா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து! பெர்னாரைக் கொன்றது ஒரு பாக்டீரியா. அவரைக் காத்திருக்கக் கூடிய மருந்தும், அவர் காலடி மண்ணில் வாழும் பாக்டீரியா இனம் ஒன்றிடம்தான் இருந்தது. அவர் இறந்து 32 ஆண்டுகள் கழித்தே அது வெளிவந்தது.

இதைப் படித்த இரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை. மறுநாள் தந்தையாரிடம் பேசினேன். வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல ஒத்திகை பார்த்திருந்தவன், இன்னும் ஓராண்டு வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாடத்துச் செடியைப் பார்த்தார். தாமும் இந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டில் திரும்பிப் போகவே எண்ணியதாகவும், பக்கத்து வீட்டுக் கன்னடத்துப் பாட்டி கடனாகத் தந்த அரிசியும் அவரோடு தண்ணீர்க் குழாயில் போட்ட சண்டைகளும் சேர்ந்துதான் தம்மை இங்கே நிறுத்தியதாகவும் சொன்னார். பெர்னாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு தந்தார்.

இப்போது என் குழாய்களில் எதுவும் கெட்டுப்போனால் உடனே எறிவதில்லை. முதலில் நுண்நோக்கியில் பார்க்கிறேன். பெரும்பாலானவை எறியத் தக்கவையே. சென்ற மாதம் ஒன்றே ஒன்றில் மட்டும், பாக்டீரியா படர்ந்த இடத்தை ஒட்டிய விதைகள் மற்றவற்றைவிடச் சற்றே பருத்திருந்தன. அந்தப் பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்திருக்கிறேன். அது என்ன இனம், உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை என் ஆசை என் கண்ணை ஏமாற்றுகிறதா என்று இனிமேல்தான் சோதிக்க வேண்டும்.

தோழர்களே, காட்டில் இருக்கும் ஆர்க்கிட்டைத் தொடாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். ஊரில் உங்கள் வீட்டு மாமரத்தில் இருப்பதை என்றேனும் கொண்டுவருவதாயின், வேரைக் கழுவாதீர்கள், பட்டையோடு கொண்டுவாருங்கள். கொண்டுவந்தால் என்னையும் கூப்பிடுங்கள். அந்தப் பட்டைத் தூளில் ஒரு சிட்டிகை எனக்கு வேண்டும்.